நேர்ச்சையாகிப் போன கேரட்

மனிதன் செய்த முதல் தப்பு நெருப்பைக் கண்டுபிடித்ததுதான் என்று போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மனதார நம்பினேன். நம்பிய நேரத்தில் என் வயிற்றுக்குள் இரண்டு தட்டு மட்டன் பிரியாணி இருந்தது. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் என் மனைவி இதைப் படிப்பாள்.

அடையாறில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இலவசக் கூட்டம். கிண்டி ஆபீசில் என் பக்கத்து மேசைக்காரன் இழுத்துக்கொண்டு போனான். "சும்மா வந்து குந்து மச்சி, ஏசி ஓடுது" என்றான். நானும் ஏசிக்காகத்தான் போனேன். மேடையில் பேசியவர் கழுவி வைத்த வெள்ளரிக்காய் மாதிரி பளபளவென்று இருந்தார். அடுப்பில் ஏறிய எதுவுமே செத்த சாப்பாடு என்றார். குரங்கு ரசம் வைக்கிறதா, யானை தாளிக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான், யானை தாளித்து நான் பார்த்ததே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற, சட்டையின் நடுப் பொத்தான் எந்த நேரமும் தெறிக்கத் தயாராக இருக்கிற ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அந்த யானை பெரிய முன்னுதாரணமாகத் தெரிந்தது. யானையின் இடுப்பளவு என்ன என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பேச்சின் கடைசியில் அவர் ஒரு சிக்கலைச் சொன்னார். இத்தனை வருஷமாக வெந்ததையே தின்று பழகிய வயிற்றுக்குப் பச்சைக் காயைச் செரிக்கத் தெரியாதாம். மறந்துபோனதை அது திரும்பக் கற்றுக்கொள்ளும் வரைக்கும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் ஒரு என்சைம் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமாம். இயற்கைக்குத் திரும்பிப் போவதற்கு வெளிநாட்டுத் தொழிற்சாலை மாத்திரை எதற்கு என்று அந்த மண்டபத்தில் யாராவது ஒருத்தர் எழுந்து கேட்டிருக்க வேண்டும். எழுந்தது நான்தான். பாட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

தி.நகரில் கிடைத்தது. துணிக்கடைக் கூட்டத்தில் பிழிந்து எடுக்கப்பட்டு, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். பாட்டிலின் முன்பக்கம் பெரிதாக ஒரு பச்சை இலை. பின்பக்கம் எறும்புகள் படிப்பதற்காக அச்சடித்த மாதிரி ஏதோ எழுதியிருந்தது.

"இன்னாடா போட்டிருக்கு?" என்று நண்பனைக் கேட்டேன்.

"எல்லாம் நேச்சுரல் மச்சி. அதான் எல போட்டிருக்கான்ல?"

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை ஆபீசில் ஒருத்தருக்குப் பிரிவுபசார விருந்து, ஆரம்பிக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை என் மனைவி ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தாள். நடு வாரத்தில் கறி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கறியிடம் நான் கேள்வி கேட்கிற வழக்கமில்லை. ஆகவே புதன்கிழமை காலையில் ஆரம்பித்தேன். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன், கேரட்டையும் பீட்ரூட்டையும் துருவித் தட்டில் குவித்தேன், சாப்பாட்டு மேசையில் யானை மாதிரி உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு என் மனைவி உள்ளே வந்தாள். அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் திருநீற்றுப் புதன்.

சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் குடியிருந்துகொண்டு, மணிச் சத்தத்தில் தினமும் கண்விழிக்கிற ஒருத்தன், தவக்காலம் தொடங்கும் நாளை மறந்துபோவது சாதாரணத் திறமை அல்ல. எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் கறியோடு மீனும் கிடையாது. அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். அதற்கு மேலும் ஏதாவது ஒன்றை வேண்டிக்கொண்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அது நேர்ச்சை. நான் இதுவரைக்கும் ஒரே ஒரு தவக்காலத்தில் சர்க்கரையை விட்டிருக்கிறேன். அதையும் டாக்டர் சொல்லித்தான் விட்டேன்.

என் மனைவி தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தட்டைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் இருப்பது தண்ணியாகிற வரைக்கும் மென்றுதான் விழுங்க வேண்டும், நடுவில் பேசக் கூடாது என்று வெள்ளரிக்காய்க்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாய் நிறைய பீட்ரூட்.

அவள் குரல் இறங்கியது. "நேர்ச்சையா? அம்மா கண்ணுக்கா?"

நான் தலையை ஆட்டினேன். 'இல்லை, இரு, விழுங்கிவிட்டுச் சொல்கிறேன்' என்பதுதான் அந்த ஆட்டலின் அர்த்தம். ஆனால் நம்மூர்த் தலை ஆடுகிற விதத்தில் ஆமாவும் இல்லையும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. அவளுக்கு ஆமாதான் கதவைத் திறந்தது. கண் கலங்கிவிட்டாள். ஒருவழியாக நான் விழுங்கிவிட்டு வாயைத் திறந்தபோது, கையை வைத்துப் பொத்தினாள். "சொல்லாதீங்க. வெளிய சொன்னா நேர்ச்சையோட பலன் போயிடும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பல விதமாகப் பார்த்திருக்கிறாள். புனிதரைப் பார்க்கிற மாதிரி பார்த்தது அதுதான் முதல் தடவை. நீங்களாக இருந்தாலும் திருத்தியிருக்க மாட்டீர்கள்.

அம்மா என்று அவள் சொன்னது என் அத்தையை, அதாவது என் மாமியாரை. மாமா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை. அடையாறு கண் டாக்டர், ஒரு கண்ணையாவது உடனே ஆபரேஷன் செய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. அத்தை மசியவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்கத் தவளையையும் கரப்பான்பூச்சியையும் அறுத்துக் காட்டியவர். "அறுக்கிற பக்கமே நின்னு பழகிட்டேன். படுத்துக்கிற பக்கம் நமக்கு வேணாம்" என்று முடித்துவிடுவார். அதற்குள் பார்வை போய்க்கொண்டே இருந்தது. பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்தவர், பிறகு படிப்பதையே விட்டார். டாக்டர் கடைசியாகச் சொன்னபோது கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: இன்னும் தள்ளிப்போட்டால் ஆபரேஷனும் கஷ்டம், அதுவரை வீட்டில் விழுந்து எழாமல் இருப்பதும் கஷ்டம்.

நேர்ச்சையை வெளியே சொல்லக் கூடாது என்கிற சட்டம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது. எங்கள் தெருவில் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற குழு ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் என் மனைவி அங்கே போய், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.

வீட்டில் அத்தையிடமும் சொன்னாள். அத்தை என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஃபிரிட்ஜைப் பார்த்து அவர் பேச ஆரம்பித்தார்.

"மாப்ள, கேரட் கண்ணுக்கு நல்லதுன்னு நானே கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்கேன். ஒருத்தர் சாப்பிட்டா இன்னொருத்தர் கண்ணுக்கு நல்லதுன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்."

"இல்ல அத்தை, அது வந்து…"

"சொல்லாதீங்க, பலன் போயிடும்" என்றாள் மனைவி.

அத்தை மகளிடம் சொன்னார்: "சரி, நாள் வாங்கு. பிரியாணிய விட முடியாத மனுஷனே எனக்காகப் பச்சையாத் திங்கறாரு. நான் படுத்துக்கிட்டுக் கண்ணைக் காட்ட மாட்டேனா?" மறுபடியும் ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு மாப்ள. நடுவுல நீங்க நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்."

டாக்டர் புனித வாரத்துக்கு முந்தைய வாரம் நாள் கொடுத்தார். ஒரு வாரம் கேரட் தின்று பார்த்துவிட்டு, யானைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாம்பாருக்குத் திரும்பலாம் என்று ரகசியமாக ஒரு திட்டம் வைத்திருந்தேன். அது அந்த இடத்திலேயே செத்தது. இப்போது என் வயிற்றில் ஒரு கண் இருந்தது.

அந்த வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்திரை வேலை செய்ததா என்று ஆபீசில் கேட்பார்கள். செய்தது. என்ன வேலை என்பதில்தான் குழப்பம். முள்ளங்கி நாளில் கிண்டி மேம்பாலம் ஏறுகிற பழைய பஸ் மாதிரி உறுமும். முட்டைக்கோஸ் நாளில் அந்த பஸ் பழுதாகி நடுரோட்டில் நிற்கும். நண்பனிடம் முறையிட்டேன். "வயிறு கத்துக்குது மச்சி. எல்கேஜி புள்ள சத்தம் போடாதா? மாத்திரைய ரெண்டாப் போடு" என்றான். போட்டேன். வயிறு யூகேஜிக்குப் போனது, அவ்வளவுதான்.

முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்ததைப் பதினாலு நிலைகளாக நினைத்துச் சொல்கிற ஜெபம். ஒவ்வொரு நிலையிலும் ஜெபம் முடிந்து எல்லாரும் முழங்கால் போட்டுக் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார்கள். அந்த மௌனத்துக்காகவே காத்திருந்த மாதிரி என் வயிறு பேசியது. முணுமுணுப்பு அல்ல, முழு வாக்கியம். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தோளைத் தொட்டு, "ஒண்ணுமே சாப்பிடலையா? ஆண்டவர் பாத்துக்கினுதான் இருக்கார்" என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். வருவதற்கு முன்னால் அரை முட்டைக்கோஸ் தின்றிருந்தேன். நெகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை.

இரண்டு மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னால் முடியவில்லை. கடற்கரைப் பக்கம் காற்று வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கால் நேராக மீன் வறுக்கிற தள்ளுவண்டிக்குப் போய் நின்றது. வண்டிக்கார அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்து மீன் விற்கிறவர்தான், சாயங்காலம் இங்கே வறுப்பார். எங்கள் ஜெபக் குழுவில் அவர் இல்லை என்பதை முன்கூட்டியே யோசித்து உறுதி செய்துகொண்டிருந்தேன். அந்த அளவுக்கு எனக்கும் மூளை உண்டு.

"ஒரே ஒரு துண்டு வஞ்சிரம் அக்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அக்கா கரண்டியை அப்படியே நிறுத்தினார். "இன்னா நைனா, வெளாடுறியா? டீச்சரம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் வெச்சிக்கினு நீ வஞ்சிரம் கேட்டுக்கினு நிக்கற?"

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"மீனுக்கே தெரியும். நீ துன்ன மாட்டன்னு அதுங்கல்லாம் ஜாலியா கீது."

"ஒரு துண்டுதான் அக்கா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல?" கல்லில் கிடந்த துண்டை என் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தினார். "எம் பொண்ணு அவங்ககிட்ட படிச்சிதான் இப்ப நர்சா கீது. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியணும். போ நைனா, போய் வெள்ளரிக்கா துன்னு."

நான் போகவில்லை. எண்ணெய் சத்தம் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றேன். அக்காவுக்குப் பாவமாகப் போயிருக்க வேண்டும். ஒரு தட்டை எடுத்து, வறுவலோடு தருகிற வெங்காயத் துண்டுகளையும் அரை எலுமிச்சம்பழத்தையும் வைத்து நீட்டினார்.

"இந்தா. இது பச்சதான்."

கடலைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், தவம் என்றே நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். அத்தை சமையலறையில் தானாகக் காபி கலந்துகொண்டிருந்தார்.

"வஞ்சிரம் வாசனை வருதே மாப்ள?"

"பக்கத்துல நின்னுட்டு வந்தேன் அத்தை. சாப்பிடல."

"தெரியுது. வாயிலேர்ந்து வெங்காயம்தான் வருது."

சர்க்கரையை ஸ்பூனில் எடுத்து டம்ளரில் போட்டார். டம்ளர் அங்கே இல்லை, ஒரு சாண் தள்ளி இருந்தது. சர்க்கரை மேடையில் சின்னக் குவியலாக விழுந்தது. அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு ஸ்பூனும் அங்கேயே போட்டு, காபியை எடுத்துக் கலக்கி, ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. ஆனாலும் அடுத்த வாயும் குடித்தார்.

பிறகு, நான் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு அவங்க பண்றப்ப நான் கண்ணை மூடிக்கலாமா?"

"கண்ணுலதானே அத்தை பண்ணப் போறாங்க."

"அதான் கேட்டேன்" என்றார். அவருடைய இன்னொரு கை மேடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் நான் வஞ்சிரம் தேடிப் போகவில்லை. தள்ளுவண்டி பக்கம் போனால் அக்கா விரட்டுவார் என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கேரட்டைத் துருவியபோது, பொய்யாக ஆரம்பித்த அந்த நேர்ச்சையில் நானும் எங்கோ வந்து உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் ஒரு வார்த்தை அத்தையின் கண்ணுக்காகச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போட்டேன். பீட்ரூட்டுக்கு மட்டும் எந்த ஜெபமும் பலிக்கவில்லை. கடைசி வரைக்கும் அது பீட்ரூட்டாகவே இருந்தது.

ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை. உள்ளே அத்தை, வெளியே ஜெபமாலையோடு மனைவி, அவளுக்குப் பக்கத்தில் முளைகட்டிய பச்சைப்பயறு டப்பாவோடு நான். கீழே கேன்டீனில் யாரோ மெதுவடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை லிஃப்ட் ஏறி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. நான் அதன் பக்கம் திரும்பாமல் பயறை மென்றேன். முழுதாக மென்று முடிப்பதற்குள் அத்தையை வெளியே கூட்டிவந்துவிட்டார்கள், வலது கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு.

"இவ்வளவுதானா?" என்றார் அத்தை. குரலில் கோபமே இருந்தது. "ஒரு தவளைக்கு நான் இதைவிட நேரம் எடுத்துக்குவேன். இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மூடியை எடுத்தார்கள். மதியம் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தையின் ஆய்வு தொடங்கியது. ஃபேனில் இவ்வளவு தூசியா என்றார். காலண்டரில் மாதாவின் சேலை நீலம் என்று கண்டுபிடித்தார். சமையலறை மேடையில் விரலை ஓட்டிப் பார்த்து மகளிடம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் முறை வந்தது. இந்தத் தடவை ஃபிரிட்ஜை அல்ல, சரியாக என்னையே பார்த்தார்.

"மாப்ள, முடி எங்க?"

"அது போயி அஞ்சாறு வருஷம் ஆச்சு அத்தை."

"யாருமே எங்கிட்ட சொல்லல."

என் மனைவி சிரிப்பும் அழுகையுமாக உள்ளே போய் என் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். துருவிய முட்டைக்கோஸ். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு என் மனதில் இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, அடுப்பே இல்லை. சாந்தோம் கோயில் கட்டிய நாளிலிருந்து வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை என் அளவுக்குச் சுத்தமாக யாரும் அனுசரித்திருக்க முடியாது என்றே தோன்றியது. பாட்டிலைத் திறந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, தண்ணீர் குடித்தேன்.

அத்தை எதிரில் வந்து உட்கார்ந்தார். மேசையிலிருந்த பாட்டிலை எடுத்தார். பழைய படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பக்க இலையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினார். எறும்புகளுக்காக அச்சடித்த அந்த எழுத்தை விரல் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக, வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

"பான்கிரியாட்டின்" என்று உரக்கப் படித்தார். "அடைப்புக்குறிக்குள்ள, போர்சைன்."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இதைத் தினமும் போடறீங்களா மாப்ள?"

"வேளைக்கு ரெண்டு அத்தை."

"வெள்ளிக்கிழமையுமா?"

"வெள்ளிக்கிழமை மூணு. முட்டைக்கோஸ் நாளாச்சே."

அத்தை பாட்டிலை மெதுவாக மேசையில் வைத்தார். உதடு துடித்தது. நாற்பது பேர் வகுப்பில் சிரிப்பை அடக்கிப் பழகிய உதடு அது.

"ஏன் அத்தை, போர்சைன்னா எந்தச் செடி?"

"பன்னி."